ஜெனரேட்டர் இழுக்கிற பிக்கப்புக்கு 3.73-ஆ, 4.10-ஆ?

பின் ஆக்சிலில் சக்கரத்தைச் சுழற்றும் பல்சக்கர ஜோடியான கிரௌன் பினியனை மாற்ற வருகிறவர்கள் முதலில் கேட்பது மைலேஜைத்தான். அங்கிருந்து ஆரம்பித்தால் 3.73 ஜெயித்துவிடும். கல்யாணம், திருவிழா என்று ஜெனரேட்டர் டிரெய்லர் இழுக்கிற டீசல் பிக்கப்புக்கு எங்கள் ஓட்டு 4.10-க்கு.

இந்த எண்தான் ரேஷியோ, கிரௌன் பல்லைப் பினியன் பல்லால் வகுத்தது. பெரிய சக்கரமான கிரௌனில் 41 பல், அதை ஓட்டும் சின்னப் பினியனில் 11 என்றால் 3.73. பினியன் 10 பல்லானால் 4.10. எண் கூடினால் இழுவை கூடும், வேகம் குறையும்; இது தெரிந்ததுதான்.

215/75 ஆர்15 டயர், ஐந்தாம் கியர் ரேஷியோ 0.80 என்று வைத்துக்கொள்வோம். 80 கி.மீ. வேகத்தில் 3.73-க்கு இன்ஜின் நிமிஷத்துக்குச் சுமார் 1,810 சுற்று ஓடும், 4.10-க்கு 1,990. வண்டி காலியாக விருதுநகர் போய் வர 3.73 சுகம். ஆனால் பின்னால் ஜெனரேட்டர் செட்டை மாட்டி எதிர்காற்றும் அடித்தால் 3.73-க்கு ஐந்தாம் கியர் தாங்காது. நேர் கியரான (ரேஷியோ 1) நாலாவதுக்கு இறக்கினால் அதே வேகத்துக்கு 2,260 சுற்று. 4.10 பெரும்பாலும் ஐந்திலேயே போய்விடும். அப்போது மிச்சமானது எந்த டீசல்?

தீர்ப்பை முடிவு செய்வது கிளட்ச். அழகர் மதுரைக்கு இறங்கி வரும்போது ஜெனரேட்டர் வண்டியும் கூடவே மண்டகப்படிக்கு மண்டகப்படி நின்று நகர வேண்டும். ஐடில் 750 சுற்று, முதல் கியர் 4.0 என்றால், ஆக்சிலேட்டர் தொடாமல் 3.73 வண்டி மணிக்கு 6.6 கி.மீ. போகும், 4.10 வண்டி 6.0. கூட்டம் இரண்டையும்விட மெதுவாகத்தான் நகரும். அதனால் 4.10 போட்டாலும் பாதி கிளட்சில் ஊர்ந்தால் பிளேட் கருகும். இடைவெளி விட்டு நின்று, பிறகு ஒரே மூச்சில் எடுப்பதுதான் சரி. லாபம் அந்த எடுப்பில்தான். 4.10-ல் கிளட்சுக்கு வரும் பாரம் 9 சதவீதம் குறைவு, வழுக்கும் நேரமும் அதே அளவு குறைவு. இரண்டும் சேர்ந்து ஒவ்வொரு எடுப்பிலும் சூடு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைகிறது. ஒரு ராத்திரியில் நூறு எடுப்பு என்றால் கணக்கைப் பாருங்கள். பிளேட் மட்டும் போனால் பரவாயில்லை. சூட்டில், பிளேட் உராயும் பிளைவீல் நீலம் பாய்ந்தால் பிரஷர் பிளேட்டோடு சேர்த்துச் செலவு. கொடைக்கானல் மலையில் இறங்கும்போதும் அதே கியரில் 4.10 கூடுதலாகப் பிடித்து நிறுத்தும், பிரேக் டிரம் அந்த அளவுக்குக் காயாது.

அப்படியானால் 39-க்கு 8, அதாவது 4.88 போடலாமே என்பார்கள். மலையிலேயே கிடக்கிற வண்டி என்றால் யோசிக்கலாம். கிரௌன் அளவு மாறாமல் ரேஷியோ கூடினால் பினியன் சிறுத்துப்போகும், பல் பலமும் குறையும். 80-ல் 2,360 சுற்று இரைச்சல் வேறு. டயரையும் கவனியுங்கள்: 4.10 போட்டுவிட்டு ஆசைக்கு 235/75 ஆர்15 மாட்டினால் அது 3.93 மாதிரிதான் இழுக்கும்.

மாட்டும்போது கிரௌனும் பினியனும் ஒரே ஜோடி எண்ணாக இருக்க வேண்டும். பழைய கிரௌனோடு புதுப் பினியன் சேர்த்தால் ஊளையிடும். பெயரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள். பேக்லாஷை, அதாவது இரண்டு பல்லுக்கும் நடுவே உள்ள ஆட்டத்தை, டயல் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும், கையால் ஆட்டிப் பார்த்து 'சரியா இருக்குண்ணே' என்பது செல்லாது. பல ஆக்சில்களில் 0.15-லிருந்து 0.20 மி.மீ. இருக்கும், உங்கள் வண்டி மேனுவல் சொல்வதே கடைசி வார்த்தை. பல்லில் மை தடவிச் சுற்றினால், தடம் பல்லின் அடியில் விழுந்தால் பினியன் மிக நெருக்கம், நுனியில் விழுந்தால் தூரம்; சிம் எனும் மெல்லிய தகட்டை மாற்றிச் சரிசெய்ய வேண்டும். ஃபோர் வீல் டிரைவ் என்றால் முன் ஆக்சிலுக்கும் அதே ரேஷியோ கட்டாயம்.

3.73-ஐக் கழற்றி 4.10 போட்டால், கியர்பாக்ஸிலிருந்து கேபிள் வரும் ஸ்பீடோமீட்டர் 80-ல் 88 காட்டும். கிலோமீட்டரும் கூடுதலாக ஓடுவதால், 4.10 போட்டதும் மைலேஜ் ஏறிவிட்டது என்று யாராவது பெருமையடித்தால் நம்பாதீர்கள்.

புதுப் பல்லுக்கு முதல் ஓட்டம் 25 கி.மீ.; பிறகு நன்றாக ஆறவிட வேண்டும். 800 கி.மீ. வரை டிரெய்லர் கூடாது, அதன்பின் ஆயிலை மாற்றிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். சித்திரைக்கு வேலை பிடித்திருக்கிறவர்கள் வண்டியை மாசியிலேயே பட்டறையில் விடுங்கள்.