புகையிலை நாற்று என்று கடுகு நாற்றைத் தலையில் கட்டுகிறார்கள், மாடித்தோட்டக்காரர்கள் கவனம்

போன தை மாதம் நடந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இன்னும் நாலு பேர் ஏமாறாமல் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

கடலூரில் எங்கள் வீட்டு மாடியில் 30 தொட்டி இருக்கிறது. செம்பருத்தி முழுக்க மாவுப்பூச்சி, அவரையில் அசுவினி. வேப்பெண்ணெய் அடித்து அடித்துக் கை ஓய்ந்துவிட்டது. புகையிலைக் கரைசல் கேட்கும் என்றார்கள். காய்ந்த புகையிலையைக் கடையில் வாங்குவானேன், நாமே நாலு செடி போட்டுக்கொள்ளலாமே என்று புத்தி போயிற்று, அங்கேதான் சனி பிடித்தது.

புதுச்சேரி போகிற சாலையில் ஒரு நர்சரி. பெயர் போடப் போவதில்லை. நாற்று ஒன்று 60 ரூபாய், 10 வாங்கினேன். பில் கேட்டதற்கு, "ஜிபே பண்ணிட்டீங்கல்ல சார், அதுவே பில்லுதான்" என்றார். கூடவே, "இத நட்டாலே போதும், சுத்தி ஒரு பூச்சி அண்டாது" என்றார். இது முதல் பொய். புகையிலைச் செடியையே தின்கிற புழு இருக்கிறது, அதன் பெயரே புகையிலைப் புழு. செடியை வேகவைத்து எடுக்கிற சாறுதான் பூச்சியைக் கொல்லும், செடி சும்மா நின்றால் ஒன்றும் ஓடாது. எனக்கு அப்போது இது தெரியாது, தலையாட்டிவிட்டு வந்தேன்.

நட்ட 3 வாரத்தில், முழங்கால் உயரம்கூட வராத செடி மஞ்சளாகப் பூத்துவிட்டது. அம்மா துணி காயப்போட வந்தவர் ஒரு இலையைக் கிள்ளி மென்று பார்த்துவிட்டு, "எலேய், இது கடுகுடா, காரம் மூக்குல ஏறுது" என்றார். நான் நம்பவில்லை, நர்சரிக்கே போன் போட்டேன். அந்த ஆள் அசரவில்லை. "நாட்டுப் புகையிலை மஞ்சளாத்தான் சார் பூக்கும், வேணும்னா நெட்ல பாருங்க" என்றார். பார்த்தேன், மஞ்சளாகப் பூக்கிற வகை நிஜமாகவே இருக்கிறது, நிக்கோட்டியானா ரஸ்டிகா என்று பெயர். இன்னும் 2 வாரம் அதற்குத் தண்ணீர் ஊற்றினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பாதி உண்மையை வைத்து ஏமாற்றுகிறவனிடம்தான் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டியிருக்கிறது. அந்த வகை வடக்கே குளிரில் போடுவது. வேதாரண்யம், திண்டுக்கல் பக்கம் போடுகிற மெல்லும் புகையிலை இளஞ்சிவப்பாகப் பூக்கும். எந்த வகையாக இருந்தாலும் பூ குழாய் மாதிரி நீண்டிருக்கும். என் செடியில் இருந்ததோ 4 இதழ் பிரிந்த சின்னப் பூ. அப்புறம் காயும் பிடித்தது, ஒல்லியாக, நிமிர்ந்து. உடைத்தால் உள்ளே நம் அஞ்சறைப் பெட்டி கடுகேதான்.

இலையைப் பார்த்தே நான் கண்டுபிடித்திருக்கலாம். புகையிலை இலையின் ஓரம் வெட்டில்லாமல் இருக்கும், மேலே மெல்லிய ரோமம், தொட்டால் பிசுபிசுவென்று விரலில் ஒட்டும். கடுகு இலையின் ஓரம் பல் பல்லாக இருக்கும், ஒட்டாது.

நேரில் போய்ச் சத்தம் போட்டேன். பணம் தரவில்லை. "அது பையன் மாத்தி எடுத்துக் குடுத்துட்டான் சார்" என்று ஒரு விதைப் பாக்கெட்டை நீட்டினார். மேலே கையால் "புகையிலை, 50 விதை" என்று எழுதியிருந்தது, வேறு ஒரு விவரமும் இல்லை. வீட்டுக்கு வந்து தாளில் கொட்டினால் ஒவ்வொன்றும் கேழ்வரகு அளவு. புகையிலை விதை தூசி மாதிரி இருக்கும், ஒரு கிராமில் 10,000 விதைக்குக் குறையாது, அதை மண்ணில் புதைக்கக்கூட மாட்டார்கள், மேலாகத் தூவி விடுவார்கள். அதில் 50 எண்ணிப் போட்டாராம்! விதைக்கவே இல்லை, அப்படியே வைத்திருக்கிறேன்.

சரி, நிஜமான நாற்றே கிடைத்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். தக்காளி, மிளகாய், கத்தரி எல்லாம் புகையிலைக்குப் பங்காளி. அதன் தேமல் நோய் கைவழியாகவே தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றும். ஈர இலையை வெறுங்கையால் பறித்தால் நிகோட்டின் தோல்வழியே இறங்கித் தலைசுற்றல், வாந்தி வரும். இது எதையும் அந்த ஆள் சொல்லவில்லை, அவர் கொடுத்தது கடுகு என்பதால் சொல்ல அவசியமும் இல்லைதான்.

கடைசியில் நாட்டு மருந்துக் கடையில் அரைக் கிலோ காய்ந்த புகையிலை வாங்கி, நாலரை லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, பார் சோப்பு கொஞ்சம் கரைத்து, 6 மடங்கு தண்ணீர் சேர்த்துச் செம்பருத்திக்கு மட்டும் அடித்தேன். அடுப்பை மாடியிலேயே வைத்தேன், அந்த நெடி வீட்டுக்குள் தாங்காது. கடுகுக் கீரையை அம்மா இரண்டு முறை கூட்டு வைத்தார். 600 ரூபாய்க் கூட்டு.

அந்தப் பாக்கெட்டின் படம் வேண்டுபவர்கள் கேளுங்கள், தனியாக அனுப்புகிறேன்.