காப்பர்-டி 380ஏ: இன்னொரு பிள்ளை வேண்டுமா என்று முடிவாகாதவர்களுக்கு

ஒன்றோடு நிறுத்துவதா, இரண்டா, மூன்றா என்பதைத் தம்பதிகள்தான் சொல்ல வேண்டும்; மாமியாரோ மருத்துவரோ அல்ல. அந்த முடிவு வரும்வரை அவகாசம் வாங்கித் தருவதுதான், கர்ப்பப்பைக்குள் வைக்கும் கருத்தடைக் கருவியான காப்பர்-டியின் பெரிய பலம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டால் மனம் மாறும்போது திரும்புவது கடினம். கருத்தடை மாத்திரையை நாள் தவறாமல் விழுங்க வேண்டும். இதைப் போட்டபின் 10 வருடம் கவலையில்லை, வேண்டாம் என்றால் எந்த மாதமும் எடுத்துவிடலாம்.

36 மி.மீ. உயரம், 32 மி.மீ. அகலமுள்ள டி வடிவ பிளாஸ்டிக் சட்டம் இது. தண்டில் செம்புக் கம்பி சுற்றியிருக்கும், இரு கைகளிலும் செம்புப் பட்டை. 380 என்பது செம்பின் பரப்பு, சதுர மி.மீட்டரில். ஹார்மோன் கிடையாது. செம்பு விந்தணுவை முடக்கிவிடுவதால் கரு உருவாவதே தடைபடுகிறது. உருவான கருவைக் கலைக்கும் கருவி என்ற பேச்சு சரியல்ல. முதல் வருடத்தில் 100 பேரில் ஒருவருக்கும் குறைவாகவே கர்ப்பம் தரிக்கிறது. மாத்திரையில், மறதியையும் சேர்த்தால், 7 பேர்.

தரம், இதைப் போட்டுவிடுபவரின் கையில்தான் இருக்கிறது. முதலில் உள்பரிசோதனை செய்து கர்ப்பப்பை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும், பிறகு ஆழத்தை அளக்க வேண்டும். 6 முதல் 9 செ.மீ. வரை இருந்தால் சரி. கருவியின் கைகளை, அதை உள்ளே செலுத்தும் குழாய்க்குள் மடக்கி 5 நிமிடத்துக்கு மேல் வைத்தால் பிளாஸ்டிக் அப்படியே படிந்துபோய், உள்ளே சரியாக விரியாது. உள்ளிருக்கும் வெள்ளைக் குச்சியை அசையாமல் பிடித்துக்கொண்டு குழாயைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். அவசரத்தில் குச்சியைத் தள்ளினால் கர்ப்பப்பைச் சுவர் துளைபடலாம். அது அரிது, ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்று. தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் வாய்ப்பு கூடும். கருவியின் அடியில் தொங்கும் நூலை 3 செ.மீ. விட்டு வெட்ட வேண்டும். ஒட்ட வெட்டினால் முனை விறைத்து கணவருக்குக் குத்தும்.

பிரசவமான 48 மணி நேரத்துக்குள் போடலாம், தவறினால் 4 வாரம் கழித்து. உடனே போட்டால் வெளியே வந்துவிடும் வாய்ப்பு அதிகம், அதனால் ஆறாவது வாரப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. நூல் தட்டுப்படவில்லையா? பாதுகாப்பு இல்லை என்றே வைத்துக்கொண்டு ஆணுறைக்கு மாறி, கர்ப்பப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்ய வேண்டும். ஸ்கேனில் காணாவிட்டால் எக்ஸ்ரே. சட்டத்தில் பேரியம் கலந்திருப்பதால் அதில் தெரியும்.

மதிப்பெண் குறைவது உதிரப்போக்கில்தான். முதல் 3 முதல் 6 மாதம் மாதவிடாய் அதிகமாகும், வலியும் கூடும். பலர் இந்தக் கட்டத்தில்தான் ‘உடம்புக்கு ஒத்துக்கலை’ என்று எடுத்துவிடுகிறார்கள். முன்கூட்டியே விளக்கிச் சொல்லாத மருத்துவமனை மேல்தான் பாதித் தவறு. ஏற்கெனவே ரத்தசோகை இருப்பவர், மாதவிடாயில் அதிகம் போகிறவர் இதை விட்டுவிட்டு ஹார்மோன் லூப்பை (ஹார்மோன் வெளிவிடும் கர்ப்பப்பைக் கருவி) கேட்பது நல்லது. அது உதிரத்தைக் குறைக்கும். கர்ப்பப்பையில் நோய்த்தொற்று, காரணம் தெரியாத ரத்தப்போக்கு, வில்சன் நோய் (உடம்பில் செம்பு தேங்கும் நோய்) இருந்தால் காப்பர்-டி வேண்டாம். பால்வினை நோயையும் இது தடுக்காது. இதை மீறிக் கர்ப்பம் தரித்தால் கருக்குழாயில் தங்கியிருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

எடுப்பது ஒரு நிமிட வேலை: நூலைப் பிடித்து மெல்ல இழுத்தால் கைகள் மடங்கி வந்துவிடும். அந்த மாதமே கர்ப்பம் தரிக்கலாம், உடம்பு ‘சுத்தமாக’ காத்திருக்க அவசியமில்லை. ஆனால் பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவே குறைந்தது 24 மாதம் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.