இரண்டாம் தடவைக்கு எந்த ஜாம்பி?

ஜாம்பி (நடைபிணம்) படத்தை இரண்டாம் தடவை பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. யார் எப்போது கடிபடுவார் என்று தெரிந்துபோனதும் பயம் பாதியாகிவிடும். மிச்சப் பாதியை வைத்துப் படம் தாக்குப்பிடிக்கிறதா என்பதுதான் கேள்வி. மீன்பிடித் தடைக்காலத்தில் மண்டபம், பாம்பன் பக்கம் ராத்திரிப் பொழுதுகள் நீளம். பழைய படங்களும் இந்த வாக்குவாதமும் அப்போது தவறாமல் வந்துவிடும். எங்கள் செட்டில் பெரும்பாலான ஓட்டு 2016இல் வந்த கொரியப் படமான ‘ட்ரெயின் டு பூசான்’ பக்கம். என் ஓட்டு ஜார்ஜ் ரோமெரோ 1968இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படமான ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ பக்கம்.

முதல் தடவைக்குப் பூசானை அடிக்க ஆளில்லை. சியோலில் கிளம்பும் அதிவேக ரயில், பெட்டி பெட்டியாகப் பரவும் தொற்று, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் குவியும் உடம்புகள். தண்டவாளம் கடலோரத்தில் போய் முடியும் ஊர்க்காரர்களுக்கு இது இன்னும் நெருக்கம். பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்த வேகத்துக்கு ஜாம்பிகள் நடந்தே ஏறியிருக்கும் என்பது வேறு விஷயம். 2025இல் திறந்த புதுப் பாலத்தின் தூக்குப் பகுதியை 17 மீட்டர் உயர்த்திவிட்டால் ராமேஸ்வரம் தப்பித்துவிடும் என்பான் மச்சான் ஒருவன். “பக்கத்திலேயே ரோட்டுப் பாலம் திறந்து கிடக்கிறதே, மாப்பிள்ளை?” என்றால் பதில் வராது.

ஆனால் திரும்பப் பார்க்கையில் அந்த ஓட்டம் அலுக்கிறது. தான் பிழைக்க அடுத்தவரைப் பிடித்துத் தள்ளும் கம்பெனி அதிகாரி முதல் தடவை ஆத்திரமூட்டினான். இப்போது, அடுத்து யாரைத் தள்ளப்போகிறான் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒரு காட்சி மட்டும் தடவைக்குத் தடவை கனம் கூடுகிறது. தப்பி வந்தவர்களைச் சேர்த்துக்கொள்ளாமல் விரட்டிய பெட்டியில் ஒரு பாட்டி இருக்கிறாள். ஜாம்பியாகிக் கண்ணாடிக்கு அப்பால் நிற்கும் கூடப்பிறந்தவளைப் பார்க்கிறாள். அப்புறம் தானே எழுந்து போய்க் கதவைத் திறந்துவிடுகிறாள்.

ரோமெரோவிடம் அந்த வேகமில்லை. ஒரு பண்ணை வீடு, உள்ளே ஏழு பேர், வெளியே தள்ளாடி வரும் பிணங்கள். தரைத்தளத்துக் கதவு ஜன்னல்களுக்குப் பலகை அடித்துச் சமாளிப்போம் என்கிறான் பென். நிலவறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்வோம் என்கிறான் ஹாரி கூப்பர். பென்னாக நடித்த டுவேன் ஜோன்ஸ் நிதானமானவர்; கூப்பரோ வாயைத் திறந்தாலே எரிச்சல். முதல் தடவை நாம் எல்லோரும் பென் கட்சி. இரண்டாம் தடவைதான் உறைக்கிறது: கடைசியில் பலகையெல்லாம் பெயர்ந்து வீடே பறிபோனபின் பென் உயிர் பிழைப்பது அதே நிலவறையில்! இத்தனைக்கும் கடிபட்ட தன் மகளையே கூப்பர் அங்கேதான் படுக்க வைத்திருந்தான் என்பதால், அவன் சொன்னதும் முழுக்கச் சரியில்லை. வானொலி முதலில் வீட்டிலேயே இருங்கள் என்கிறது. பிறகு தொலைக்காட்சி முகாமுக்குப் போங்கள் என்கிறது. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியதும் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நடக்கும் சண்டை மாதிரியே இருக்கிறது. பூசானில் கெட்டவன் யாரென்று தெரிந்துவிடும். இங்கே அது பார்க்கப் பார்க்கக் குழம்புகிறது.

குறைகள் இல்லாமலில்லை. அந்த ஏழு பேரில் ஒருத்தியான பார்பரா சீக்கிரமே வாயடைத்து உட்கார்ந்துவிடுகிறாள். நடுவில் செய்தி வாசிப்பு இழுவை. பகல் வெளிச்சத்தில் செல்போனில் பார்த்தால் பாதிப் படம் வெறும் கறுப்பு. ஆனால் காசு செலவில்லை: தலைப்பை மாற்றியபோது காப்புரிமை அறிவிப்பு விடுபட்டுப்போனதால் இது பொதுச்சொத்து.

பூசான் வந்த அதே ஆண்டில் நம் ‘மிருதன்’ வந்தது. ஊட்டியில் ஜாம்பி என்ற துணிச்சலுக்காக ஒரு தடவை சரி. மறுபடி உட்கார்ந்தால் பாட்டுகளைத் தள்ளிவிட்டுத்தான் பார்க்க முடிகிறது.

முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேடிக்கை. இரண்டிலும் பிழைத்து வருபவர்களை நோக்கித் துப்பாக்கி நீள்கிறது. பூசானில் சுரங்கப்பாதை இருட்டில் சிறுமி பாடும் பாட்டு கேட்டு, ராணுவ வீரர்கள் சுடாமல் விடுகிறார்கள். பென் சத்தமில்லாமல் ஜன்னலோரம் வருகிறான். ஜாம்பிகளை வேட்டையாடி வந்தவர்கள் அவனையும் ஜாம்பி என்று நினைத்துச் சுட்டுவிடுகிறார்கள். எங்கள் செட்டில் பாட்டுப் பாடும் முடிவுக்குத்தான் மவுசு. பார்த்துவிட்டு உடனே தூங்க வேண்டுமென்றால் அது தேவலைதான், மறுக்கவில்லை.