மலைப் படங்களுக்குக் கேப்ஷன்: ஒல்லாமாவா, எல்எல்எம்மா?

கோத்தகிரி, குன்னூர் பக்கம் இருந்துகொண்டு படத்தோடு கட்டுரை போடுகிறவர்களுக்குத் தெரியும், எழுதுவதைவிடச் சலிப்பான வேலை ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு வரி சேர்ப்பதுதான். டெர்மினலில் (கட்டளை தட்டும் திரையில்) ஒரு கட்டளை அடித்தால் ஃபோல்டரில் உள்ள அத்தனை படத்துக்கும் கேப்ஷன் வந்து விழ வேண்டும். இதற்கு உருப்படியான வழி இரண்டு. ஒன்று ஒல்லாமா: படத்தைப் பார்த்து எழுதும் செயற்கை நுண்ணறிவு மாடலை நம் லேப்டாப்பிலேயே இறக்கி ஓட்டலாம். இன்னொன்று, சைமன் வில்லிசன் எழுதிய எல்எல்எம் என்ற கருவி: ஏபிஐ கீ (மாடலை நடத்தும் நிறுவனம் தரும் ரகசியக் குறியீடு) கொடுத்துவிட்டால் வெளி சர்வரில் இருக்கும் பெரிய மாடலைக் கூப்பிட்டுப் பதில் வாங்கித் தரும். 2022-இல் வந்த பிளிப் மாடலையும் சிலர் சொல்வார்கள். ஒரு ஜிபி அளவுதான், பழைய மெஷினிலும் ஓடும். ஆனால் ஆங்கிலத்தில் மட்டுமே எழுதும். நாம் பக்கம் பக்கமாகக் கொடுக்கும் குறிப்பைப் படித்து நடந்துகொள்ளவும் செய்யாது. அதை விட்டுவிடலாம்.

தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து நெட் போனால் ஒல்லாமாதான் கை கொடுக்கும். கூகுளின் ஜெம்மா 3 வரிசையில் படம் பார்க்கத் தெரிந்த 4பி என்ற சிறிய மாடல் மூன்று ஜிபிக்குச் சற்று மேல். ஒரு தடவை டவுன்லோடு செய்துவிட்டால் அப்புறம் நெட்டே வேண்டாம். கரண்டும் சேர்ந்து போனால்தான் சங்கடம். மாடல் ஓடும்போது பேட்டரி மளமளவென்று இறங்கும்.

வேகம், செலவு எல்லாம் இரண்டாம் பட்சம். நம் மலையைப் பற்றி அந்த மாடலுக்கு நாம் எவ்வளவு சொல்லி வைக்க முடிகிறது என்பதில்தான் கேப்ஷனின் தரம் இருக்கிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் மலை ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். பல்சக்கரப் பாதையில் நீராவி எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும். படத்தில் பெட்டி முன்னால், எஞ்சின் கடைசியில். எந்த மாடலிடம் கொடுத்தாலும் ‘எஞ்சின் இழுத்துச் செல்லும் ரயில்’ என்று எழுதவே வாய்ப்பு அதிகம். இல்லாவிட்டால் ரயில் கீழே இறங்குவதாக முடிவு கட்டிவிடும். ‘மேட்டுப்பாளையம்–குன்னூர் ஏற்றத்தில் எஞ்சின் பின்னால் இருந்து தள்ளும், குன்னூர்–ஊட்டி இடையே டீசல் எஞ்சின்’ என்று சிஸ்டம் ப்ராம்ப்டில் (மாடலுக்கு முன்கூட்டியே தரும் நிலையான குறிப்பில்) ஒரு வரி சேர்த்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. தோடர் பழங்குடியினரின் மந்தில் (குடியிருப்பில்) இருக்கும் அரைவட்டக் கூரை வீட்டை ‘குடிசை’ என்று எழுதாமல் இருக்கவும், வரையாட்டை ‘ஆடு’ ஆக்காமல் இருக்கவும் இப்படித்தான் ஒவ்வொரு வரியாகச் சேர்க்க வேண்டும்.

சேர்ப்பதிலும் ஒரு ஆபத்து உண்டு. ‘இந்த மலையில் குறிஞ்சி பூக்கும்’ என்று எழுதி வைத்துப் பாருங்கள், ஊதா நிறத்தில் எது தென்பட்டாலும் குறிஞ்சிதான் என்று அடித்துச் சொல்லும். ஏப்ரலில் சாலையோரம் பூக்கும் ஜகராண்டா மரம்கூடத் தப்பாது. 12 ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் நீலக்குறிஞ்சி பெருவாரியாகப் பூத்தது 2006-இலும் 2018-இலும், அடுத்தது 2030. ஆகவே படம் எடுத்த தேதியை, படத்துக்குள் பதிந்த விவரங்களைப் படிக்கவும் எழுதவும் உதவும் எக்ஸிஃப்டூல் கருவியால் படித்து ப்ராம்ப்டோடு அனுப்பி, ‘தேதி ஒத்துவராவிட்டால் பூவின் பெயரைச் சொல்லாதே, நிறத்தை மட்டும் சொல்’ என்று கட்டளை போட வேண்டும்.

இந்த இடத்தில் எல்எல்எம் முந்துகிறது. அதில் டெம்ப்ளேட் என்று ஒன்றை யாம்ல் என்ற எளிய எழுத்து ஃபைலாகச் சேமிக்கலாம். மாடல், சிஸ்டம் ப்ராம்ப்ட் எல்லாம் அதிலேயே இருக்கும். தேதி, இடம் போன்றவற்றுக்கு டாலர் குறியிட்ட காலியிடம் விட்டு, ஓட்டும்போது நிரப்பிக்கொள்ளலாம். ஒல்லாமாவில் மாடல்ஃபைல் என்ற அமைப்பு ஃபைலை எழுத வேண்டும். அதில் போட்ட சிஸ்டம் வரிகளை மாற்றினால் மறுபடியும் கிரியேட் கட்டளை ஓட்டியாக வேண்டும். தேதியை நாமே ஷெல் ஸ்கிரிப்டில் (கட்டளைகளை வரிசையாக எழுதிய ஃபைலில்) ஒட்ட வேண்டும். பெரிய வேலை இல்லை, ஆனால் இந்தக் குறிப்பு வரிகளைத் தினமும் திருத்துகிறவருக்கு எரிச்சல். போதாததற்கு, நாம் கேட்டது, பதில் வந்தது எல்லாவற்றையும் எல்எல்எம் எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தளத்தில் பதிந்து வைக்கும். போன மாதக் கேப்ஷனைத் தேடி எடுக்கலாம்.

எதில் ஓட்டினாலும் டெம்பரேச்சரை (மாடல் எவ்வளவு தாறுமாறாகச் சொல் தேர்ந்தெடுக்கலாம் என்ற அளவை) 0.2 பக்கம் வையுங்கள். கூட்டினால் இல்லாத மூடுபனியெல்லாம் படத்துக்குள் வந்துவிடும். நீளத்துக்கு டோக்கன் (மாடல் எழுத்தை நறுக்கிக்கொள்ளும் துண்டு) வரம்பு வைக்கும்போது கவனம். அதே செய்திக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழுக்குப் பெரும்பாலும் அதிக டோக்கன் ஆகும். ஆங்கிலத்துக்குப் போதுமான வரம்பு தமிழ் வாக்கியத்தைப் பாதியில் வெட்டிவிடும். ‘ஒரே வாக்கியம், பன்னிரண்டு சொல்லுக்குள்’ என்று ப்ராம்ப்டில் சொல்வதே மேல்.

தமிழ் நடையில் பெரிய மாடல்களுக்குத்தான் என் ஓட்டு. சின்ன மாடல்களின் தமிழ் புரியும், ஆனால் அறிவிப்புப் பலகை வாசம் அடிக்கும். ஹோம்ஸ்டே விருந்தாளிகளின் முகம் தெரியும் படங்களை மட்டும் வெளியே அனுப்ப மாட்டேன், அவை ஒல்லாமாவுக்குத்தான். மற்றவற்றையும் ஜிபிஎஸ் விவரத்தை நீக்கிவிட்டு, அளவைச் சுருக்கி அனுப்புவது நல்லது. எல்எல்எம்முக்கு ஒல்லாமா பிளகின் (சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்) இருப்பதால் கட்டளை ஒன்றேதான். மாடல் பெயரை மாற்றினால் போதும். ஏபிஐ கீ சாதாரண ஜேசன் ஃபைலில் அப்படியே கிடக்கும் என்பதால், பொதுக் கம்ப்யூட்டரில் இதை நிறுவ வேண்டாம்.

வந்த கேப்ஷனைப் படத்துக்குள்ளேயே எழுத எக்ஸிஃப்டூல் போதும். படத்துக்குள் விவரம் எழுத இருக்கும் இடங்களில் ஒன்றான ஐபிடிசி பகுதியில் எழுதினால் எழுத்துக்குறி யூடிஎஃப்-8 என்று தனியாகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும். இன்னொரு பகுதியான எக்ஸ்எம்பியில் எழுதினால் அந்தப் பிரச்சினை இல்லை.