பார்க்கின்சன் ஆய்வு: பழ ஈயா, சுண்டெலியா?

கைகால் நடுக்கமும் இயக்கத் தளர்ச்சியும் தரும் மூளை நோயான பார்க்கின்சனில் நரம்பணுக்களைக் காக்கும் புரதங்களைத் தேடும் இளம் ஆய்வாளர்கள் பலர் முதலில் தடுமாறுவது, எந்த உயிரியில் சோதிப்பது என்ற இந்தத் தேர்வில்தான்.

காலம்: ஈ சுமார் 10 நாளில் முழு வளர்ச்சி பெறும், இரண்டு மூன்று மாதத்தில் முதுமையையும் பார்த்துவிடலாம். சுண்டெலி மூப்படைய இரண்டு ஆண்டுகள் வரை ஆகும்.

செலவு: ஈக்குக் குப்பியும் சோளமாவு, ஈஸ்ட் கலந்த உணவும் போதும். எலிக்குக் கூண்டு, ஆள், நெறிமுறைக் குழுவின் அனுமதி எல்லாம் வேண்டும்.

சேமிப்பு: எலிக் கருவை உறையவைக்கலாம். ஈக்களைப் புதுக் குப்பிகளுக்கு ஓயாமல் மாற்ற வேண்டும், சலிப்பூட்டும் வேலை.

புரதச் சோதனையில் ஈயின் பலம் வியக்க வைக்கிறது. குப்பியைத் தட்டினால் நலமான ஈக்கள் விறுவிறுவென மேலேறும். நோயுற்றவை அடியிலேயே தத்தளிக்கும். பார்க்கின்சன் நோயாளிகளின் நரம்பணுக்களில் திரளும் ஆல்ஃபா-சைநியூக்ளின் என்ற புரதம் ஈக்கு இயல்பாகக் கிடையாது. 2000இல் அதற்கான மனித மரபணுவைப் புகுத்தித்தான் நோய் மாதிரியை உருவாக்கினார்கள். மற்றப் புரதங்கள் சரியாக மடிய உதவும் எச்எஸ்பி70 என்ற துணைப்புரதத்தைக் கூட்டியபோது, அந்த ஈக்களில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும், இந்நோயில் அழியும் நரம்பணுக்கள் பிழைத்ததை 2002இல் கண்டார்கள். பிங்க்1, பார்க்கின் ஆகிய மரபணுக்கள் பழுதானால் பரம்பரைப் பார்க்கின்சன் வரும். 2006இல், பிங்க்1 மரபணு இழந்த ஈக்களின் தசைச் சிதைவைப் பார்க்கின் புரதம் தடுத்தது. இதே மரபணுக்களை நீக்கிய எலிகளிலோ பாதிப்பு மிக மெலிதாகவே தெரிந்தது!

ஆனாலும் எலியின் மூளைதான் நம்முடையதற்கு நெருக்கம். நூற்றுக்கணக்கான மரபணுக்களைச் சலித்தெடுக்க ஈயைத் தேர்ந்தெடுங்கள். தேறிய புரதத்தை மருந்தாக்கும் முன், அளவையும் பக்கவிளைவையும் பார்க்க எலியிடம் செல்லுங்கள்.