யூகே என்றால் லண்டன் இல்லை: விமானக் கோடா, முழுப் பெயரா?

புதுச்சேரி வீடு என்றால் கேட்க வேண்டுமா, பிரான்ஸில் ஒரு சித்தப்பா, சிங்கப்பூரில் ஒரு மாமா. போக வர ஆள் இருந்துகொண்டே இருக்கும். 2016 முதல் எல்லாப் பயணப் படங்களையும் டிக்கெட்டுகளையும் ஒரே இடத்தில் சேர்த்து, எந்த விமானம் என்று லேபிள் போட்டு வைக்கிறேன்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் உள்ள இரண்டெழுத்துக் கோட்தான். ஏர் இந்தியாவுக்கு ஏஐ, இண்டிகோவுக்கு 6இ, எமிரேட்ஸுக்கு ஈகே. டிக்கெட்டில் இருப்பதை அப்படியே அடித்தால் போதும், எழுத்துப்பிழைக்கே இடமில்லை. எனக்கு ரொம்ப வசதி. எனக்கு மட்டும்தான் என்று தெரிய மூன்று வருடம் ஆனது.

டெல்லி படங்களைத் தேடிய அண்ணி, "யூகே 2019" என்ற ஃபோல்டரைப் பார்த்துவிட்டு, "தம்பி, லண்டன் எப்ப போனீங்க? ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார். நாங்கள் டெல்லி போனது விஸ்தாரா விமானத்தில், அந்த நிறுவனத்தின் கோட் யூகே. பாவம், அவர் பக்கம் தப்பே இல்லை.

அதைச் சிரித்துக் கடந்துவிட்டேன். டிஆர்தான் உண்மையில் படுத்தியது. 2016-இல் மாமா வீட்டுக்குப் போனது டைகர்ஏரில், 2018-இல் ஸ்கூட்டில். இரண்டுமே டிஆர். 2017-இல் டைகர்ஏர் ஸ்கூட்டோடு இணைந்தபோது பெயர் ஸ்கூட்டுடையதாகவும் கோட் டைகருடையதாகவும் நின்றது. ஸ்கூட்டின் பழைய டிஇசட் போய்விட்டது. என் ஃபோல்டரில் இரண்டு பயணமும் கலந்து கிடந்தன, படத்தில் இறக்கையின் நிறத்தைப் பார்த்துத்தான் பிரித்தேன். அப்புறம் 2024 நவம்பரில் விஸ்தாராவும் ஏர் இந்தியாவோடு சேர்ந்தது. அந்த விமானங்களுக்கு ஏஐ-யோடு 2-இல் தொடங்கும் நான்கு இலக்க எண் கொடுத்தார்கள். யூகே என்ற லேபிளுக்கு இனி யாரிடம் விளக்கம் சொல்வது?

கோடுக்கும் ஒரு நல்லது உண்டு. அப்பா 1991-இல் திருச்சியிலிருந்து கொழும்பு போன ஏர் லங்கா டிக்கெட்டில் யூஎல். போன வருடம் நான் போன ஸ்ரீலங்கன் டிக்கெட்டிலும் அதே யூஎல். பெயர் மாறியும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்தது அந்தக் கோட்தான்.

இருந்தாலும் முழுப் பெயருக்கே மாறிவிட்டேன். அன்று டிக்கெட்டில் என்ன பெயரோ அதுவே லேபிள், முன்னால் வருடம். கோட் விமான எண்ணோடு குறிப்புக்குள் போய்விடும். இதிலும் தொல்லை இல்லாமல் இல்லை. நான் "இண்டிகோ" என்று எழுத, மனைவி "இன்டிகோ" என்று எழுத, தேடினால் பாதிதான் வரும். ஒரு மாதம் யார் எழுதுவது சரி என்று வீட்டில் வழக்கு. கடைசியில் ஒன்பது பெயர்களை ஒரு குறிப்பில் எழுதி வைத்தேன், இப்போது இருவரும் அதிலிருந்து காப்பி எடுத்து ஒட்டுகிறோம்.

2024 டிசம்பரில் எங்கள் ஊர் விமான நிலையமான லாஸ்பேட்டையிலிருந்து இண்டிகோ பறக்கத் தொடங்கியது. அதில் ஐதராபாத் போன படங்களை அண்ணி தானாகவே தேடி எடுத்து, அரை மணி நேரத்தில் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். ஏடிஆர் விமானத்தின் விசிறியை மறைத்து நான் நிற்கும் படத்தையும் சேர்த்துத்தான்.