எக்ஸ்பரெல்: 20 மில்லி வெள்ளை மருந்து, 300 டாலருக்கு மேல் விலை

குப்பியை நாலைந்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால், அடியில் படிந்திருந்த வெள்ளை எழும்பிப் பால் நிறமாகக் கலந்துவிடும். எக்ஸ்பரெலின் வித்தை அந்த வெள்ளையில்தான் இருக்கிறது. மருந்தென்னவோ அறுவைக்குப் பின் வலி தெரியாமலிருக்க அந்த இடத்தை மரக்கச் செய்யும் பழைய புபிவகெய்ன்தான். தேன்கூடு போலப் பல அறைகள் கொண்ட நுண்ணிய கொழுப்புக் குமிழ்களில் அதை அடைத்திருக்கிறார்கள். குமிழ்கள் சிதையச் சிதைய மருந்து கசியும். ஒரே ஊசி 72 மணி நேரம் வலியைத் தாங்கும் என்பது விற்பனைப் பேச்சு.

இரண்டாம், மூன்றாம் நாள் கணக்கு அப்படி வரவில்லை. 2011-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதிக்கு அடிப்படையான இரண்டு சோதனைகளிலும் (கால் பெருவிரல் புடைப்பு அறுவை, மூலநோய் அறுவை) இதனோடு ஒப்பிட்டது மருந்தில்லாத வெற்று ஊசியை. வெற்று ஊசியை வெல்வது பெரிய காரியமா? சாதாரண மரப்பு மருந்தோடு நரம்பு பிளாக்கில் (நரம்பருகே ஊசி போட்டு ஒரு பகுதியையே மரக்கச் செய்வது) ஒப்பிட்ட 9 சோதனைகளை, மொத்தம் 619 நோயாளிகள், ‘அனஸ்தீசியாலஜி’ இதழ் 2021-இல் சேர்த்து அலசியது. 24 முதல் 72 மணி வரையிலான வலி மதிப்பெண்ணில் வித்தியாசம் 1.0, நோயாளிக்குப் பயன் தெரிய 2.0 வேண்டும் என்று முன்கூட்டியே வகுத்திருந்தார்கள். நிறுவனம் செலவு செய்த ஒரு சோதனையைக் கழித்ததும் அந்த 1.0-உம் பொருட்படுத்தத் தக்கதாக இல்லாமல் போயிற்று. தயாரிப்பாளர் பசிரா, அந்த இதழை வெளியிடும் அமெரிக்க மயக்கவியல் சங்கத்தின் மீதே வழக்குப் போட்டது. வழக்கு தள்ளுபடியானது, 2023-இல் மேல்முறையீடும் தோற்றது.

வாங்கியே தீருவது என்றால் கையாளும் முறையில்தான் பலன் இருக்கிறது. 20 மில்லியில் 266 மி.கி.; மில்லிக்கு 13.3. இது பேஸ் (உப்பாக்காத மருந்து) கணக்கு, சாதாரண புபிவகெய்னின் உப்பு வடிவமான ஹைட்ரோகுளோரைடு கணக்கில் 300 மி.கி.க்குச் சமம். இந்த இரண்டு கணக்கையும் குழப்பிக்கொண்டால் மொத்த அளவு தவறிவிடும். குமிழுக்கு வெளியே இருப்பது சுமார் 3 விழுக்காடு மருந்து மட்டுமே என்பதால் இதை மட்டும் போட்டால் நோயாளி வலியோடுதான் விழிப்பார். அதனால் சாதாரண புபிவகெய்ன் சேர்ப்பது வழக்கம், அதன் மி.கி. எக்ஸ்பரெலின் மி.கி.யில் பாதியைத் தாண்டக்கூடாது. முழுக் குப்பிக்கு 0.25 விழுக்காடு 30 மில்லி, அதாவது 75 மி.கி., வசதியான கலவை. நார்மல் சலைன் (ஊசிக்கான உப்பு நீர்) சேர்த்து 300 மில்லி வரை நீட்டலாம். வெறும் தண்ணீர் சேர்த்தால் குமிழ்கள் வெடித்துவிடும்.

தையலுக்கும் மற்றதற்கும் போடும் மற்றொரு மரப்பு மருந்தான லிக்னோகெய்ன்தான் இதற்கு முதல் எதிரி. குமிழுக்குள் இருக்கும் புபிவகெய்னை அது தள்ளி வெளியேற்றும். மூன்று நாளுக்கானது ஒரே மூச்சில் இறங்கும். முன்பே லிக்னோகெய்ன் போட்டிருந்தால் அதே இடத்தில் 20 நிமிடமாவது விட்டுப் போடுங்கள். தோலில் தடவும் கிருமிநாசினியான போவிடோன் அயோடின் ஈரம் காயும்வரை பொறுக்க வேண்டும். ஊசி 25 கேஜ் அல்லது அதைவிடப் பெரிய துளை, ஃபில்டர் கூடாது, சிரிஞ்சில் ஏற்றியபின் 4 மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். குப்பியைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள்; உறைந்துவிட்டால் குப்பைக்குத்தான்.

காயத்தைச் சுற்றிப் போடுகையில் சாதாரண மருந்து போலப் பரவும் என்று நம்பி ஓரிடத்தில் மொத்தமாக இறக்குகிறார்கள். இது பரவாது. ஒன்று, ஒன்றரை செ.மீ.க்கு ஒரு குத்தாக, ஒவ்வொரு திசு அடுக்கிலும் சிறிது சிறிதாக இறக்க வேண்டும். பலன் இல்லை என்று புகார் வரும்போது முதலில் இங்கே பார்ப்பது நல்லது.

தோள் அறுவைக்காகக் கழுத்தில் போடும் இன்டர்ஸ்கேலீன் பிளாக்குக்கு இதைப் பயன்படுத்துவது 2018-இல் அனுமதியானது. அளவு 10 மில்லி, 133 மி.கி. இந்த பிளாக்கில் உதரவிதானத்தின் ஒரு பாதி செயலிழப்பது சகஜம். சாதாரண மருந்தென்றால் விடிவதற்குள் சரியாகும், இதில் நீளக்கூடும். நுரையீரல் ஏற்கெனவே பலவீனமானவருக்கு இதைப் போட யோசியுங்கள். நரம்பருகே வைத்துப் பம்பால் மருந்து செலுத்தும் மெல்லிய குழாயான கதீட்டர் என்றால் கை அதிகம் மரத்ததும் பம்பை நிறுத்தலாம். போட்ட குமிழைத் திரும்ப எடுக்க முடியாது. கதீட்டர் நழுவும், ஒழுகும் என்பதும் உண்மைதான். ஒரே ஊசியே போதும் என்பவர்கள் புபிவகெய்னோடு 4 மி.கி. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைச் சேர்த்தால் சில மணி நேரம் கூடும், செலவு சில டாலர்தான்.

மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. கதீட்டரைக் கவனிக்க ஆளில்லாத பகல்நேர அறுவை மையத்துக்கு மட்டும் மூன்று.

போட்டதும் நோயாளியின் கையில் பட்டை கட்டி, தேதி, நேரம், “96 மணி நேரத்துக்கு வேறு மரப்பு மருந்து வேண்டாம்” என்று எழுதுங்கள். வார்டில் தையல் போட வருபவர் லிக்னோகெய்ன் எடுக்கும் முன் பார்ப்பது அந்தக் கையைத்தான்.